குறை சொல்லாத அத்தான்

பிப்ரவரி 18, புதன். ரயிலில்.

ரயில் சாம்பாரை அத்தான் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். இதை எழுதி வைக்க வேண்டும் என்பதற்காகவே பையின் அடியிலிருந்து டைரியைத் தோண்டி எடுத்தேன்.

சாம்பார் என்று அவர்கள் சொன்னதால்தான் அது சாம்பார். மஞ்சளாகக் கலங்கிய தண்ணீரில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு அனாதையாகக் கிடந்தது. எதிர் இருக்கை விஜயவாடாக்காரர் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிட்டார். அத்தான் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பரவால்லட்டி, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

என் வீட்டுக்காரர் பூவலிங்கம் யார் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அதிசயம் புரியும். கோவில்பட்டி பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரக் கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் மத்தியில் அவருக்கு 'குத்தம்' என்று பெயர். பந்தியில் குத்தம் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் பரிமாறுகிற பையன்கள் அந்தப் பக்கம் போகத் தயங்குவார்கள். முதலில் இலையை ஒரு விரல்கடை தள்ளி வைப்பார். வலது புருவம் மேலே ஏறும். அப்புறம் தீர்ப்பு வரும். எங்கள் கல்யாணத்திலேயே மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துகொண்டு பாயசத்தில் ஏலக்காய் அரைபடவில்லை என்று சொன்னவர். நான் தையல் டீச்சர். பள்ளிக்கூடத்தில் தொண்டைத்தண்ணி வற்றக் கத்திவிட்டு வந்து வைக்கிற குழம்பையும் விட்டுவைத்ததில்லை. ஒரு நாளாவது இந்த மனுஷர் வாயை மூடிக்கொண்டு சாப்பிடமாட்டாரா என்று நான் வேண்டாத சாமி இல்லை.

போன வருஷம் அவர் நாக்குக்கு அடியில் ஒரு கட்டி வந்தது. மதுரையில் கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. ஆடி மாதத்தோடு முடிந்தது. கட்டி போய்விட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதோடு ருசியும் போய்விட்டது. மூக்கில் மணம் தெரியும், வாயில் போட்டால் மண்ணு என்பார். சிலருக்கு ஆறு மாதத்தில் ருசி திரும்பும், சிலருக்கு வருஷமாகும், சிலருக்கு வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

பொங்கலன்று சர்க்கரைப்பொங்கலை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "ஏட்டி, வந்துட்டு" என்றார். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பெங்களூரில் இருக்கிற மகள் பொன்செல்வி அன்றைக்கே கல்கத்தாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். ஓடுகிற டிராமை ஒருநாள் பார்த்துவிட வேண்டும் என்பது டிப்போ காலத்திலிருந்து அவருக்கு ஆசை. எனக்கு, வாய்க்கு ருசியாக நாலு ஊர்ச் சாப்பாடு சாப்பிட ஆசை.

பொங்கலிலிருந்து இன்றுவரை அவர் எதிலும் குறை சொல்லவில்லை. நோய் வந்து போன பக்குவம் என்று வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 19, வியாழன்

ஹவுராவில் இறங்கி மஞ்சள் டாக்சியில் பாலத்தைத் தாண்டினோம். அத்தனை பெரிய இரும்பை யார் எப்படி நிறுத்தினார்களோ. கீழே ஆறு மண்நிறத்தில் போகிறது. அத்தான் கழுத்தை வெளியே நீட்டியதில் டாக்சிக்காரர் இரண்டு தரம் அதட்டினார்.

தங்கியிருப்பது லேக் மார்க்கெட் பக்கம் ஒரு வீட்டு மாடியில். ஷிப்ரா என்று ஒரு வங்காளி அம்மாள், கணவர் இல்லை, மாடி அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறார். இந்தப் பகுதியில் நம் ஆட்கள் பல தலைமுறையாக இருக்கிறார்களாம். பக்கத்து வீட்டுத் தஞ்சாவூர் மாமியிடம் தமிழ் கற்றுக்கொண்டதால், வாசலிலேயே "வாங்கோ, வாங்கோ, சௌக்கியமா?" என்றார். உள்ளேயிருந்து கடுகரைத்த மீன் குழம்பு மணந்தது. இந்த மணத்துக்கும் அந்த வாங்கோவுக்கும் சேரவே இல்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட் கொடுத்தேன். அந்த நிமிஷமே உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 20, வெள்ளி

விக்டோரியா மண்டபம் பார்த்தோம். வெள்ளைப் பளிங்கு. சுற்றித் தோட்டம், தோட்டம் முழுக்கக் குடைக்குள் காதலர்கள். அத்தான் ஒவ்வொரு குடையையும் நின்று பார்த்ததால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

வெளியே புச்கா சாப்பிட்டோம். நம் ஊரில் பானிபூரி என்கிறோமே, அதற்கு அண்ணன். வாழைப்பட்டை மாதிரி இலைக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள். புளித்தண்ணியில் என்னவோ ஒரு எலுமிச்சை வாசனை. ஒன்று தொண்டையில் இறங்கும்முன் அடுத்தது வந்துவிடுகிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, நிறுத்த மனசு வரவில்லை. அத்தான் தன் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையை ஆட்டிய பிறகுதான் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். போட்டுவிட்டு, "காரமும் புளிப்பும் நல்லாருக்குட்டி" என்றார்.

இரவு ஷிப்ரா வீட்டுக்குக் கீழே உள்ள கடையில் பரோட்டாவுக்குள் முட்டை சுருட்டிய ரோல். அங்கும் நான்தான் முதல் வாய்.

எனக்குப் பசி அதிகம், அதனால்தான் நான் முதலில் சாப்பிடுகிறேன்.

பிப்ரவரி 21, சனி

பூச்சந்தைக்குப் பக்கத்தில் மண் குவளையில் டீ குடித்தோம். சீனி என்றால் இங்கும் சீனிதான், அதனால் அவர் குவளையில் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. வயதானவர்களுக்குச் சீனி குறைப்பது நல்லது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. அத்தான் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "சீனி அளவா போட்டிருக்கான்" என்றார்.

பூ மலிவாக இருந்தது. முழம் முழமாகச் செவ்வந்தி. நிறைய வாங்கினேன், எதற்கென்று தெரியவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

டிராம் இப்போது ஒன்றிரண்டு தடத்தில்தான் ஓடுகிறதாம். அரை மணி நேரத்துக்கு மேல் காத்துக்கிடந்து ஏறினோம். மணி அடித்துக்கொண்டு சாலை நடுவே அது நகர்ந்தபோது அத்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளையாகிவிட்டார். இறங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தார். வலது புருவம் ஏறியது.

"இவ்வளவு லேட்டா ஒரு வண்டிய எடுப்பான்? எங்க டிப்போவுல எடுத்திருந்தா மெமோதான். கண்டக்டரு ஸ்டாப்புல ஆளு நிக்கானான்னு எட்டியே பாக்கல. டிக்கெட்டையும் கிழிச்சுக் கிழிச்சுக் குடுக்கான்." இப்படியே தெருமுனைவரை வந்தார்.

பக்குவம் கிக்குவம் எதுவும் இல்லை. குறை சொல்கிற வாய் அப்படியே பத்திரமாக இருக்கிறது.

மத்தியானம் பிரியாணி. அதற்குள் ஒரு முழு உருளைக்கிழங்கு புதைத்து வைக்கிறார்கள். பிரியாணிக்குள் உருளைக்கிழங்கா என்று பழைய அத்தான் ஒரு வாரத்துக்குப் பேசியிருப்பார். இன்று தன் தட்டிலிருந்த கிழங்கையும் எடுத்து என் தட்டில் வைத்தார். "நீ நல்லா சாப்பிடுட்டி. பட்ட மரம் மாதிரி மெலிஞ்சு கெடந்த. இப்பத்தான் மொகம் தெளிஞ்சிருக்கு" என்றார்.

சாயங்காலம் படகில் ஆற்றைக் கடந்தோம். காற்று நன்றாக இருந்தது. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து வாயை நனைத்துக்கொண்டே வந்தார். கரண்ட் வைத்த பிறகு வாயில் எச்சில் ஊறுவதில்லை. அதைப் பார்க்காத மாதிரி நான் பாலத்தைப் பார்த்தேன்.

பிப்ரவரி 23, திங்கள்

இன்று நான் செய்தது எனக்கே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

வடக்குப் பக்கம் ஒரு பழைய மிட்டாய்க்கடை. ஈச்சமர வெல்லத்தில் செய்கிற சந்தேஷ் இந்தப் பருவம் முடிந்தால் கிடைக்காது என்று ஷிப்ரா அனுப்பியிருந்தார். உடன்குடிக் கருப்பட்டியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற மனுஷருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் கிடையாது. இரண்டு வாங்கினோம். வழக்கம்போல அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

வாயில் போட்டேன். வெண்ணெய் மாதிரிக் கரைந்தது. இப்படி ஒரு இனிப்பை நான் இதுவரை சாப்பிட்டதில்லை. ஆனால் முகத்தைச் சுளித்தேன். கெட்டுப்போனதைத் தின்றுவிட்டவள் மாதிரி நன்றாகவே சுளித்தேன்.

அவரும் ஒரு வாய் போட்டார். மெதுவாக மென்றார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அவர் முகமும் சுளித்தது. "ஆமாட்டி. புளிச்சில்லா போச்சு. நேத்துப் போட்டது போல" என்றார்.

கடைக்காரர் நாங்கள் பேசுவது புரியாமல் இன்னும் ஒன்று வேண்டுமா என்று தட்டை நீட்டிச் சிரித்தார். நான் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

ருசி வரவில்லை. பொங்கலன்றும் வரவில்லை. ஒரு நாளும் வரவில்லை. என் முகத்தைப் பார்த்து, நான் என்ன நினைக்கிறேனோ அதையே சொல்லிக்கொண்டு வருகிறார். அதைத் தெரிந்துகொள்ள நான் அவரைத் தெருவில் வைத்து ஏமாற்றினேன். தெரிந்துகொண்டு என்ன சாதித்தேன்? டாக்டர் சொன்ன மூன்றாவது வகை ஆள் இவர்தானோ என்ற நினைப்பு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இனி ஆயுசுக்கும் இந்த மனுஷருக்கு வாயில் மண்தான் என்றால் நான் யாருக்குச் சமைப்பது?

மீதி அரைத் துண்டை அவர் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். புளித்ததை எதற்கு வைக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். அவர் தனியாகப் போய் ஏரியைப் பார்த்துவிட்டு, எனக்கு இளநீர் வாங்கி வந்தார்.

பிப்ரவரி 25, புதன்

எழுத்து கோணலாக வருகிறது. ஆனாலும் இன்றைக்கே எழுத வேண்டும்.

மத்தியானம் ஷிப்ரா வீட்டில் சாப்பாடு. கடலைமிட்டாய்க்குப் பதில் மரியாதை என்றார். காலையிலிருந்து சமையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் போகவே மனசில்லை. அவர் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பார், நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? நன்றாக இருக்கிறது என்று வைத்தாலும் பொய், மாற்றி வைத்தால் இன்னும் பெரிய பொய்.

உட்காரப் போகும் நேரத்தில் பொன்செல்வி போன் செய்தாள். பால்கனிக்குப் போய்ப் பேசினேன். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறார் என்றேன். பேசிவிட்டு உள்ளே வந்தால், ஷிப்ரா எனக்காகக் காத்திருக்காமல் அத்தானுக்குப் பரிமாறிவிட்டிருந்தார். வெள்ளைச் சோறு, அதன் ஓரத்தில் கருத்த பச்சையாக ஏதோ ஒரு பொரியல். அதை மட்டும்தான் வைத்திருந்தார். அத்தான் தாமதிக்க வழியில்லாமல் பிசைந்து ஒரு வாய் போட்டிருந்தார்.

நான் வாசல்படியில் நின்றேன். அத்தான் மெல்லுவதை நிறுத்தினார். கை தட்டுக்குப் போயிற்று. தட்டை ஒரு விரல்கடை தள்ளி வைத்தார். வலது புருவம் ஏறியது.

"என்னம்மா இது, கசக்கு" என்றார்.

ஷிப்ரா சிரித்தார். "ஆமா, கசக்கும். வேப்பங்கொழுந்து, கத்தரிக்கா. எங்க ஆத்துல மொதல்ல கசப்புதான் போடுவா. அப்பறந்தான் மத்ததெல்லாம்."

"விருந்துக்குக் கூப்பிட்டு மொத வாயே வேப்பிலையா? கொழுந்துன்னு சொல்லுதீய, முத்துன இலையும் ரெண்டு கெடக்கு இதுல. எண்ணெயில இன்னும் கொஞ்சம் மொறுமொறுன்னு விட்டிருந்தா இவ்வளவு கசக்காது..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மறுபடி ஒரு வாய் அள்ளி, அந்தப் பொரியலை மட்டும் அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"கசக்குட்டி" என்றார். "செம்பா, நெசம்மாவே கசக்குட்டி."

நான் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஷிப்ரா பயந்துபோய் வேறு பொரியல் கொண்டு வருகிறேன், தட்டை மாற்றுகிறேன் என்று எழுந்தார். அத்தான் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொடுக்க மறுத்துவிட்டார். விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ஷிப்ராவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டியில் இருந்த வேப்பங்கொழுந்து முழுவதையும் அத்தான் தட்டில் கொட்டினார்.

பிறகு பருப்பு, மீன், தக்காளிப் பச்சடி, தயிர் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் நாக்கைச் சப்புக்கொட்டிக் காத்திருந்து, "இல்ல, இது வரல" என்று உண்மையைச் சொன்னார். கடுகரைத்த மீனில் மட்டும் ஏதோ லேசாக உறுத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். இல்லை, வரவில்லை என்று அவர் சொன்னது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. ஒன்றை வரவில்லை என்று சொல்கிறவர் கசப்பு வந்தது என்று சொன்னால் அது வந்ததுதான்.

சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது, பொங்கலன்று ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். தண்ணீரில் படகு விடுகிற பையன்களைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"எனக்கு ருசி வரலன்னா நீயும் கஞ்சியத்தான குடிக்க. ஆடியிலேர்ந்து வீட்டுல ஒரு மீன் வாங்கல, ஒரு அப்பளம் பொரிக்கல. நான் பாக்க நீ காஞ்சு போற. நான் வந்துட்டுன்னு சொன்னா நீயாவது வாய்க்கு ருசியா சாப்பிடுவன்னுதான். அதுக்கப்புறம் நீ சாப்பிடுத மொகத்தப் பாத்தே எனக்கு ருசி எப்பிடியிருக்கும்னு தெரிஞ்சுட்டு. அந்த சந்தேசு ஒண்ணுலதான் மாட்டிக்கிட்டேன்."

"அது புளிக்கல அத்தான். அமிர்தமா இருந்துச்சு."

"தெரியும். உனக்கு மொகஞ்சுளிக்கத் தெரியலட்டி. ஒண்ணு பிடிக்கலன்னா உனக்கு மூக்குத்தான் சுருங்கும், வாய் கோணாது."

தெரிந்தும் என்னோடு சேர்ந்து சுளித்திருக்கிறார். நான் அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன், அவர் எனக்குத் துணைக்கு நின்றிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சுற்றி இருந்த குடைக்காரர்களுக்கு நாங்கள் ஒன்றும் குறைச்சல் இல்லை.

பிப்ரவரி 26, வியாழன்

மதுரை டாக்டருக்குப் போன் செய்தேன். ஒன்று வந்துவிட்டால் மற்றதும் மெதுவாக வர வாய்ப்பு இருக்கிறது, அவசரப்படாதீர்கள் என்றார். அவர் சிரித்துக்கொண்டே பேசியது எனக்குப் போதும்.

கரியாஹாட் கடைத்தெருவில் எனக்கு ஒரு கைத்தறிச் சேலை எடுத்தோம். மடிப்புத் தையல் சரியில்லை என்று நான் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றபோது அத்தான், "உனக்கு எதுலயும் குறைதான்" என்றார். யார் சொல்கிறது பாருங்கள்.

டீக்கடையில் டிகாக்ஷன் அதிகம் கொதித்துக் கசப்பேறிவிட்டது என்று சைகையிலேயே கடைக்காரரிடம் விளக்கினார். கடைக்காரருக்குப் புரியவில்லை. அத்தான் விடவில்லை.

பிப்ரவரி 28, சனி. ரயிலில்.

அந்த மடித்து வைத்த அரைத் துண்டு சந்தேஷ் பையில் நசுங்கிக் கிடந்தது. தூக்கிப் போடப் போனேன். அத்தான் வாங்கி ஒரு ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார். இப்போது நிஜமாகவே புளித்திருக்கும். ரொம்ப நேரம் கழித்து, "தூரத்துல ஏதோ இருக்க மாதிரி இருக்குட்டி. என்னன்னு பிடிபடல" என்றார்.

சாம்பார் வந்தது. இருவரும் தொடவில்லை.

மார்ச் 29, ஞாயிறு. கோவில்பட்டி.

இன்று எனக்கும் அத்தானுக்கும் சண்டை. ஒரு வருஷத்துக்கப்புறம் முதல் சண்டை. ரசத்தில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று தட்டைத் தள்ளி வைத்தார். நானும் ருசி பார்த்தேன், உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்றேன். "எனக்குத் தெரியாதா? நாக்கு எனக்கா உனக்கா?" என்றார். அடுத்த வீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு இருவரும் கத்தினோம். பொன்செல்விக்குப் போன் போட்டு நியாயம் கேட்டார். அவள் அந்தப் பக்கம் பேசாமல் அழுதுகொண்டிருந்தாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. நாளைக்கும் அதே அளவுதான் போடுவேன்.